ஏழு நொடி

வீட்டிலேயே போடலாம் என்றார்
படிவத்தோடு வந்தவர்.
பெட்டி வரும், கேமரா வரும்,
நீங்க அசையவே வேண்டாம்.

நான் மெஷினை நிறுத்தவில்லை.
என் வீட்டுக்கு எல்லாம் வந்துவிடும் சார்.
ஜாக்கெட் துணி வரும், பிசிறு தட்ட ஆள் வரும்,
வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம்
பாய் சுருட்டிக்கொண்டு வரும்.
பெண் பார்க்க மட்டும்
ஒருத்தருக்கும் வழி தெரியவில்லை.
ஓட்டுக்கு நான் போறேன்.

ஆற்றூர் தாண்டி, அயனி மரத்தடியில்
அந்த நடுநிலைப்பள்ளி.
வாசலில் நாலு படி.
அஞ்சாம் வகுப்பு வரை
அண்ணன் முதுகில் ஏறினேன்.
ஆறாம் வகுப்பில் நான் பெரிய பிள்ளை ஆனேன்.
இனி முதுகு சரிவராது என்றார்கள்.
முதுகு நின்றது,
பள்ளியும் நின்றது.

முப்பத்தோரு வருஷம் கழித்து
அந்த நாலு படிக்கு மேல்
ஒரு பிளைவுட் பலகை.
வாக்காளர்களே வருக என்று எழுதி
அம்புக்குறி போட்டிருந்தது.

முந்தின ராத்திரி கோடை மழை.
பாதி ஏறியதும் சக்கரம் வழுக்கியது.
தொப்பி போட்ட பையன்கள் இரண்டு பேர்
"தூக்கிரலாம் எக்கா" என்று கை நீட்டினார்கள்.
தூக்கண்டாம் மக்ளே.
தூக்கித் தூக்கித்தான்
இந்த ஊர் என்னைக் கீழே வைத்திருக்கிறது.

வரிசையில் நின்ற கிளாட்சன்
ஒன்றும் சொல்லாமல் ஓடினான்.
திரும்பி வந்தபோது தோளில்
இரண்டு ரப்பர் ஷீட்,
கொடியிலிருந்து உருவியது,
புகைக்கூட்டு வாசத்தோடு.
விரித்தான்.
சக்கரம் பிடித்தது.
வரிசை அவனுடைய இடத்தைக் காத்திருந்தது.

உள்ளே என் பெயரை உரக்கப் படித்தார்கள்:
நானூற்றுப் பதினெட்டு, மேபல் ஞானசுந்தரி.
அந்தக் கட்டடத்தில் என் பெயர்
கடைசியாகக் கேட்டது
வருகைப் பதிவேட்டில்.
மைப்பெட்டியைத் தள்ளினார் ஒருவர்.
பேனா கேட்டேன்.

"கூட யாரும் வரலியாம்மா?
துணையாள் அழுத்தலாம், சட்டமே இருக்கு."
இருக்கிறது.
மூன்று தேர்தல் அண்ணன்தான் அழுத்தினான்.
நீ சொன்னதுலதான் பிள்ளே அழுத்தினேன் என்பான்.
நல்லவன்.
பொய் சொல்லவே தெரியாதவன் என்றுதான்
நானும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் போனேன்.
மேஜை என் கழுத்தளவு.
பெயர்கள் எல்லாம் எனக்கு மேலே
வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தன.
துண்டுச்சீட்டு தெரியும் கண்ணாடியில்
ட்யூப் லைட்தான் தெரிந்தது.

இதைக் கொஞ்சம் இறக்கணும்.

கையேட்டைப் புரட்டினார்.
போன் செய்தார்.
வெளியே யாரோ
"எனக்க பஸ் போவுது" என்றார்.
எனக்குக் காது சூடானது.
போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்,
இதை ஏன் மறைக்க வேண்டும்.
இருபது நிமிஷம்.

கடைசியில் வந்தது
ஒண்ணாம் வகுப்பு பெஞ்சு.
காம்பஸ் முனையால் யாரோ
'ஜெபின்' என்று கீறியிருந்தான்.
அதன்மேல் இயந்திரத்தை வைத்தபோது
ஏஜெண்டுகள் எழுந்து நின்று பார்த்தார்கள்,
சவப்பெட்டி இறக்குவதைப் பார்ப்பதுபோல.

அழுத்தினேன்.
நீளமாக ஒரு சத்தம்.
கண்ணாடிக்குள் விளக்கு எரிந்தது.
எண். பெயர். சின்னம்.
ஏழு நொடி என்பார்கள், எண்ணினேன்,
சரியாக இருந்தது.
சீட்டு அறுந்து விழுந்தது.

வாசலில் அண்ணன் நின்றான்.
"யாருக்குப் போட்டே?"
பீடி வாங்கப் போனாயா என்று கேட்டேன்.
சிரித்தான், முகத்தில் ஏதோ
சின்னதாகத் தொலைந்துபோனது.

மறுநாள் காலை வேனில்
பலகையைக் கழற்றி ஏற்றினார்கள்.
நாலு படியும் பழையபடி வெயில் காய்ந்தன.
தலைமையாசிரியைக்கு ஒரு மனு எழுதினேன்,
இருமுறை எழுதினேன்,
முதலாவதில் கோபம் அதிகம்.
ஜெபின் யாரென்று எனக்குத் தெரியாது.
அவனுடைய பெஞ்சில்
யார் உட்காரவில்லை என்றும் தெரியாது.

சக்கரத் தடம் விழுந்த ஷீட்டுக்கு
வியாபாரி விலை குறைத்தானாம்.
கிளாட்சன் சொல்லவில்லை,
அவன் பெண்டாட்டி
ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தபோது சொன்னாள்.
இரண்டையும் நானே வாங்கிக்கொண்டேன்.
மெஷினுக்கு அடியில் கிடக்கின்றன.
புகை நாற்றம்
இன்னும் போகவில்லை.