தரை இடைவெளி

தபால்காரர் சந்து முனையிலேயே வண்டியை நிறுத்தி
மூன்று பெயர்களைக் கூப்பிடுவார்.
மூன்றும் எங்கள் வீட்டில் இல்லாத பெயர்கள்.
மூன்றுக்கும் நான்தான் கையெழுத்து:
பி. எமிலியம்மாள், முத்தியால்பேட்டை.

வாடகைப் பத்திரம் ஒரு நகல், கரண்டு பில் ஒரு நகல்,
தலைக்கு நாலாயிரம் என்று எண்ணிக் கொடுத்தான் புரோக்கர் தட்சணா.
'இங்க வரி கம்மிக்கா, வேற ஒண்ணுமில்ல.'
அன்றிலிருந்து
கட்டில், பீரோ, அடுப்பு, ஐந்து உயிர்
இதற்கு நடுவில் மூன்று தொர்வானிக் கார்கள் குடியிருக்கின்றன.
ஒன்று ஐதராபாத்தில் ஓடுகிறது. ஒன்று பெங்களூரில்.
மூன்றாவது எங்கே என்று தட்சணாவுக்கே தெரியாது.

இந்த மாதம் வந்தது கனமான உறை.
'அடுத்து எது, நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்' என்று
கட்டம் போட்ட வழவழத் தாள்,
புது ரப்பர் செருப்பின் வாசனை.
ஜெனோவா வாசித்தாள். பத்தாம் வகுப்பு ஆங்கிலம்.
நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

நோவே. சிலிண்டர் பத்து.
எங்களுக்கு வருஷத்துக்கு எட்டு,
கிறிஸ்துமஸ் வந்தால் ஒன்பது.
தொதிச்சி. அதற்குப் பன்னிரண்டு.
மூன்று நொடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்குமாம்.
'அதுக்குள்ள எவ்ளோ தூரம் போயிருக்கும்?'
நோட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்:
நாற்பது மீட்டர்.
பூட்டிக் கிடக்கிற ரேஷன் கடை வரைக்கும்.

இரண்டிலும் சாமான் வைக்கிற இடம் முன்பக்கம், நூறு லிட்டர்.
ஆறு குடம் வைக்கலாம், சாயாமல் ஓட்டினால்.
தரைக்கும் வயிற்றுக்கும் அரைச் சாண்தான்.
எங்கள் சாக்கடை மூடியே அதற்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

மோந்தே என்றால் மலையாம்.
நாலு கதவு, ஐந்து இருக்கை, முழுசாக ஒரு சாண் உயரம்.
எனக்கு அங்கேயே மனசு நின்றுவிட்டது.
ஜெனோவா உதட்டைப் பிதுக்கினாள்:
'பாக்க வேன் மாதிரி இருக்கும்மா.'
கடைசிப் பக்கத்தில் கூரை திறக்கிற நோவே,
திறக்கப் பதினான்கு நொடி.
தானே புயலன்று எங்கள் கூரை
அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை போக்குவரத்துத் துறையிலிருந்து ஒருவர் வந்தார்.
கையில் கோப்பு, நெற்றியில் வியர்வை.
வீட்டுக்காரர் வாட்ச்மேன் வேலைக்குப் போயிருந்தார்,
போகாவிட்டாலும் போயிருப்பார்.
'மூணு வண்டியையும் எங்கம்மா நிறுத்துறீங்க?'
நான் பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.
வாய் வரவில்லை.
அந்தத் தாளை எடுத்துவந்து
அகலம் என்ற வரியில் விரல் வைத்தேன்.
நோவே ஆறரை அடி.
தொதிச்சி அதற்குக் கொஞ்சம் கூட.
மோந்தே கண்ணாடியை மடக்கினாலும் ஆறே முக்கால்.
சந்து நாலரை, சார்.
மாமனார் பெட்டியையே சாய்த்துத்தான் திருப்பினோம்
அந்த ஈபி கம்பத்துக்கிட்டே.

அவர் சந்தைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார்.
என்னமோ எழுதினார், நீளமாக.
தண்ணீர் கேட்டார், ஒரே மூச்சில் குடித்தார்.
பிறகு தாளைத் திருப்பித் திருப்பி,
கோப்பை மூடிவிட்டு,
'இதுல உங்களுக்கு எது?' என்றார்.
மோந்தே என்றேன்.
'எனக்குத் தொதிச்சி' என்றார்,
யாரோ கேட்டதுபோல, குரலைத் தாழ்த்தி.

அவருடைய ஸ்கூட்டர் நாலாவது உதையில்தான் கிளம்பியது.
புகை சந்துக்குள் வந்து போக வழியில்லாமல் நின்றது.
ஜெனோவா தாளைப் பத்திரப்படுத்தச் சொன்னாள்,
புத்தகத்துக்கு அட்டை போடலாமாம்.

நோட்டீஸ் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.
அந்த மூன்று பெயருக்கா, என் பெயருக்கா
என்று கேட்க மறந்துவிட்டேன்.