வடாலாவில் நான்கு இரவுகள்

குளிர்ந்த இஞ்சின் எழும்போது மட்டும்
டிக் டிக் டிக் என்றது.
"பல்லி சொல்லுது, நல்லதுதான்" என்றாள் குளோரி.
தாணே தாண்டுவதற்குள் ஓய்ந்துவிட்டது.
சூடானால் இரும்பு விரியும்,
விரிந்தால் பிளவு வாயை மூடிக்கொள்ளும்
என்பதெல்லாம் எங்களுக்கெங்கே தெரியும்?
முப்பத்தோரு வருடம் ரயில்வே கணக்குப் பிரிவில்
எதிரெதிர் மேசை.
கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும்.

பிஎஃப் பணத்தில் பாதிப் பாதி போட்டு வாங்கிய வீடு:
ஆறு சக்கரம், இரண்டு கட்டில்,
மடக்கினால் மேசையாகும் ஒரு கதவு.
ஸ்பிதிக்குப் போகிறோம் என்று
சொல்லாத உறவில்லை.
வெள்ளோட்டமாக இகத்புரி வரை போனோம்.
கசாரா மலையேறும்போது
இருவருக்கும் ஒரே தலைவலி.
தலையணை உறையில் விரலை வைத்தால்
மை எடுக்கலாம்.

திரும்பி வந்து நின்ற இடம் வடாலா லாரி நிலையம்.
ஜபருல்லா, மேல்விஷாரத்துக்காரர்,
டார்ச்சைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.
"கரி எங்க படிஞ்சிருக்கோ அங்கதாம்மா காயம்."
மூன்றாம் குழாய்க்கும் நான்காம் குழாய்க்கும் நடுவே
மயிரிழை.
எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மாற்ற வேண்டும்.
வெல்டிங்?
"வார்ப்பிரும்பு. ஒட்டலாம்.
ஒட்டின இடம் நிக்கும், பக்கத்து இடம் விட்டுடும்."

வீட்டை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.
எங்கே போவது? வீடு இதுதான்.

அதனால் உள்ளேயே இருந்தோம்.
பையன்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்
இஞ்சினைத் திறக்க ஏறினார்கள்.
ரசம் கொதிக்கும் அடுப்புக்கு மூன்றடி தள்ளி
டர்போ கழன்றது.
மழை, லாரி ஹாரன், மறுபடி மழை.

பன்னிரண்டு ஸ்டட்.
எட்டு எண்ணெய்க்கு இணங்கின.
மூன்று நெருப்புக்கும் மெழுகுக்கும்.
ஒன்று பாதியில் முறிந்து
மீதியோடு உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.
அதன் தலையில் நட்டு வைத்துப் பற்றவைத்து,
சிவப்பு ஆறுவதற்குள்
கால் சுற்று முன்னே, அரைக்கால் பின்னே...
இரவு பத்தரைக்கு வெளியே வந்தது.
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

குர்லாவில் கிடைத்தது மாற்று,
நாக்பூரில் கவிழ்ந்த பஸ்ஸிலிருந்து.
முகம் தட்டைதானா என்று பார்க்க
நேரான எதாவது வேண்டும் என்றார் ஜபருல்லா.
குளோரி கட்டிலுக்கடியிலிருந்து எடுத்தாள்
இரண்டடி ஸ்டீல் ஸ்கேல்.
ரயில்வே சொத்து.
பிரிவுபசாரத்தன்று குடைக்குள் வைத்துக்
கடத்தி வந்திருக்கிறாள்.
எனக்கே அன்றுதான் தெரியும்.
ஸ்கேலுக்கடியில் ஒரு லாட்டரிச் சீட்டு நுழைந்தது.
கடைசலுக்குப் போனது இரும்பு.

மூன்றாம் இரவு கேட்டேன்:
வித்துடலாமா?
குளோரி கழற்றிய ஸ்டட்களை
அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.
"கேஸ்கெட் புனேலேர்ந்து கிளம்பிடுச்சாம்" என்றாள்.

மறுநாள் கூரியர்க்காரன் போனில் முகவரி கேட்டான்.
நம்பர் பிளேட்டைப் படித்துக் காட்டினாள்.
வந்து சேர்ந்தான்.

நடுவிலிருந்து வெளியே, மாற்றி மாற்றி முறுக்கினார்கள்.
விடியலில், உலோகம் நன்றாகக் குளிர்ந்திருந்தபோது
சாவியைத் திருப்பினேன்.
பல்லி இல்லை.
இஞ்சின் சத்தத்துக்கு மேலே
தட்டுகள் குலுங்குவது கேட்டது,
இத்தனை நாள் கேட்காத எங்கள் தட்டுகள்.

"ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும்
இன்னொரு தரம் முறுக்கணும். இரும்பு உக்காரும்.
எங்க இருப்பீங்க அப்போ?"
குளோரி மனசுக்குள் வகுத்தாள்.
"நர்மதைப் பாலம். கொஞ்சம் முன்னே, இல்ல பின்னே."

பில்லில் கடைசி வரி:
பதிமூணாம் நம்பர் ஸ்பேனர், பழையது, ஒன்று, இனாம்.
மொத்தத்தில் நாற்பது ரூபாய்
குறைவாகக் கூட்டியிருந்தார்.
இருவரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தோம்.
சிவப்பு மையில் அடித்துத் திருத்தி,
சுருக்கொப்பமிட்டு,
பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.