உலர்ந்த மூன்று மணி நேரம்

லெர்விக் துறைமுகக் கொட்டகையில்
பதினோரு வருடமாக சால்மன் பொதிகிறேன்.
கண்ணாடி போன்ற மெல்லிய தாள்,
இழுத்தால் நீளும், விட்டால் ஒட்டும்.
அந்தத் தாளைத்தான் கேட்டாள் மருத்துவச்சி,
மகள் பிறந்த பத்தாவது நிமிடத்தில்:
"சமையலறையில் இருக்குமே,
யாராவது ஓடுங்கள்."

ஓடினேன்.

ரோடாவின் மார்பில் கிடந்தாள் குழந்தை.
தொப்புளுக்குக் கீழே
வயிறு மூட மறந்த இடத்தில்
சிவப்பாய், ஈரமாய், உள்புறம் வெளியான ஒரு பை.
யாரையும் கேட்காமல் கசிந்துகொண்டிருந்தது
அவளுடைய முதல் நாள்.
அதன் மேல் தாளை விரித்தாள் மருத்துவச்சி.
அவள் கை நடுங்கியது. நோயின் பெயரை
எழுத்துக் கூட்டித்தான் சொன்னாள்.
இதற்கு முன் பார்த்ததில்லையாம்.
தீவில் யாருமே பார்த்ததில்லை.

மான்செஸ்டரில் மழை.
வார்டில் அதே பெயரை
பால் கணக்குப் போலச் சொன்னார்கள்.
ஜன்னலோரம் ஒரு பையன்,
கதவருகே இன்னொருத்தி, அவளுக்கு அது மூன்றாம் முறை.
அரிது அரிது என்றார்களே,
அரிதெல்லாம் ஒரே மாடியில் வந்து இறங்கியிருந்தது.
அன்றுதான் சாப்பிட்டேன்.

டாக்டர் அடெவாலே
வயிற்றில் ஊதாப் பேனாவால் கோடு போட்டார்.
"பழைய தொப்புள் போய்விடும்.
புதியது எங்கே வேண்டும்?"
சட்டைக்குப் பித்தான் வைக்கும் இடம்
கேட்பதுபோல் கேட்டார்.
ரோடா நெடுநேரம் பார்த்தாள்.
பிறகு ஒரு விரலை வைத்தாள்.

ஒன்பது மணி நேரம்.
பிரிந்திருந்த இடுப்பெலும்பைச் சேர்த்து
இரு காலையும் ஒன்றாய்ச் சுற்றி அனுப்பினார்கள்.
"கடல்கன்னிக் கட்டு" என்றாள் நர்ஸ் ப்ரோனா.
நான் சிரிக்கவில்லை.
ஆறு வாரம் ஒஸ்லாவைத் தூக்கக் கூடாது.
தூக்காத கையை என்ன செய்வது என்று தெரியாமல்
பெற்றோர் விடுதியின் சலவை எந்திரத்தில்
மற்றவர்களின் துணியையும் போட்டேன்.

இரண்டாம் வயதில் தையல் ஒரு பக்கம் விட்டது.
ஐந்தில் கல், காய்ச்சல், மறுபடி விமானம்.
சுருக்கமாகச் சொல்கிறேன்,
அந்த வருடங்களை நீட்டிச் சொல்ல
எனக்கு விருப்பமில்லை.
அடக்கம் என்பது நல்ல குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.
இங்கே அதை மில்லிலிட்டரில் அளந்தார்கள்:
இருபது. முப்பத்தைந்து.
ஒருமுறை அறுபது வந்தபோது
ப்ரோனா நடைபாதையில் கத்தியே விட்டாள்.

எட்டாம் வயதில்
எதற்கும் உதவாத குடல்வால்
ஒரு வழியானது.
பையிலிருந்து மேலேறி
ரோடா விரல் வைத்த அதே இடத்தில் திறந்தது.
அதற்குள் மெல்லிய குழாய்,
மூன்று மணிக்கு ஒருமுறை.

பழக்கிய முதல் காலை
கையுறை மாட்டிக்கொண்டு நானும் குனிந்தேன்.
எட்டு வருடம் துடைத்த கை இது.
"அப்பா, வெளியே நில்."
நின்றேன்.
கதவுக்கு இந்தப் பக்கம்
கையுறையைக் கழற்றவும் தோன்றவில்லை.

அபெர்டீனிலிருந்து இரவுக் கப்பல்.
காற்று வடக்கு, அலை பெரிது,
கோப்பைகள் தாமாக நகர்ந்தன.
பத்தே கால். அவள் மணிக்கட்டில்
கைக்கடிகாரம் நடுங்கியது.
மேல் படுக்கையிலிருந்து இறங்கினாள்,
பையைத் தடவி எடுத்தாள்,
ஒரு தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்து
கழிவறைக்குள் போனாள்.
நான் கண்ணை மூடியே கிடந்தேன்.
கப்பல் ஒருமுறை முழுதாய்ச் சாய்ந்தது.
எழப் போனேன்; எழவில்லை.
தகரக் கிண்ணத்தில்
தண்ணீர் விழும் சத்தம்,
நின்று, மறுபடி, நீளமாய்.

திரும்பி வந்து ஏணியில் காலை வைத்தவள்
"நீ குறட்டை விடுவது இப்படி இல்லை" என்றாள்.
போர்வைக்குள்
கடிகாரத்தில் ஏதோ அழுத்தினாள்.
ஒன்றே காலுக்கு.