தட்டிக் கேட்பவன்

இருபத்திரண்டு வருடம் சிப்காட்டில் டேங்க் செய்தேன்.
அமிலத்துக்கு, காரத்துக்கு,
பெயர் வெளியே சொல்லக் கூடாதென்று
கையெழுத்து வாங்கிய ஏதோ ஒன்றுக்கு.
நான் போட்ட ஒட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்,
என் நெஞ்சை எடுத்ததைவிட அதிக முறை.

பிறகு புதுச்சேரியிலிருந்து இமாகுலேட் வந்தார்,
செருப்பு டப்பாவுக்குள் ஒரு காகித மாதிரியோடு.
மூன்று தூண்கள், சாய்ந்து, ஒன்றை ஒன்று தொடாமல்.
மேலே ஒரு வளைவு, எதையும் தாங்காமல்.
"முப்பதடி. தேவனாம்பட்டினம் மணல்ல."
உள்ளே என்ன ஊற்றுவீர்கள் என்றேன்.
"ஒண்ணுமில்ல."
பிரைமர் எத்தனை கோட்?
"பூசவே வேணாம். துருப்பிடிக்கட்டும்."
அன்றிரவு சோறு இறங்கவில்லை.
துருவோடு சண்டை போட்டுத்தான்
இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன்.

பச்சையாங்குப்பத்துப் பட்டறையில் நாலு மாதம்.
பன்னிரண்டு மில்லி பிளேட்.
யாரும் பார்க்கப்போகாத உள்பக்கத்திலும்
படுத்துக்கொண்டு போட்டேன்.
"அங்க எதுக்குண்ணே?" என்றான் மஸ்தான்.
பதில் சொல்லவில்லை.
கறுப்புக் கண்ணாடிக்குள் உருகிய இரும்பின் சின்னக் குளம்
என் கைக்குப் பின்னாலேயே
நாய்க்குட்டி போல வந்துகொண்டிருந்தது.

நிறுத்திய அன்று கலியபெருமாளின் கிரேன்
இரண்டு முறை மணலில் புதைந்தது.
கூட்டம் பெயர் வைத்தது:
காலைத் தூக்கிய நண்டு,
அலை பிளந்த கட்டுமரம்,
முனிசிபாலிட்டி பாதியில் விட்ட தண்ணித் தொட்டி.
கடைசியாகச் சொன்னவனைக் கொஞ்ச நேரம் முறைத்தேன்.

அஞ்சலாட்சி எதுவும் கேட்கவில்லை.
காலையில் நிழல் ஊர்ப்பக்கம் விழும்;
மீன்கூடையோடு அதில் உட்காருவாள்.
மூன்று மணிக்கு நிழல் கடல்பக்கம் நீளும்;
அவள் புருஷன் கிழிந்த வலையோடு அங்கே வருவான்.
இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.
உச்சிவெயிலில் நிழலும் இல்லை,
அவர்களும் இல்லை.

கார்த்திகையில் புயல். மூன்று நாள்
மழை படுக்கையாகப் பெய்தது.
நான்காம் நாள், விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டி
சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனேன்.
நின்றுகொண்டுதான் இருந்தது.
பழக்கதோஷம், சாவியால் தட்டினேன்.
டேங்க்காரன் தட்டித்தான் அளவு பார்ப்பான்:
வெறும் இடம் பாடும், நிறைந்த இடம் ஊமை.
தலைக்கு நேரே கணீர்.
மார்புக்கு நேரே கணீர்.
இடுப்புக்கு நேரே
தொப்.

தண்ணீர்.

எங்கோ ஓர் ஊசித்துளை.
ஒட்டை, ஓட்டை:
ஒரு சுழிதான் வித்தியாசம்.
எக்ஸ்ரே எடுக்காத ஒரே ஒரு வேலையில்.

இமாகுலேட்டுக்குப் போன் செய்தேன். சிரித்துவிட்டார்.
"உள்ள ஒண்ணுமில்லன்னு நீங்கதானே வருத்தப்பட்டீங்க?
வச்சுக்கட்டும் விடுங்க."
விட முடியவில்லை.
சோப்புத் தண்ணீர், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய்
எல்லாம் தேய்த்துப் பார்த்தேன்.
துரு எல்லாவற்றையும் குடித்துவிட்டு
வாய் திறக்கவில்லை.

வாரம் ஒருமுறை போகிறேன் இப்போது.
தட்டி, காதை ஒட்டி,
சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸ் கோடு.
சட்டையெல்லாம் காவி.
விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு ஜோடி
என்னையும் சேர்த்துப் படம் எடுத்தது.
பையன்கள் என் கோடுகளில் முதுகை வைத்து
உயரம் அளக்கிறார்கள்.
"கும்புடுறதுன்னா ஒரு சூடமாவது ஏத்துய்யா"
என்றாள் அஞ்சலாட்சி, செதிலைத் தட்டியபடி.

மாசி பிறந்து வெயில் ஏறிவிட்டது.
நேற்று தட்டினேன்:
கடைசிக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே போயிருந்தது.
வந்த வழியாகத்தான் போகிறது.
எந்த வழி என்று தேடிக்
குனிந்தபோது மணி மூன்று.
வலையோடு வந்தவன்
நகரச் சொன்னான்.

நகர்ந்தேன்.