பதினோராவது ஒன்று

ஸ்டாய்ன்ஸ்கார் வளைவுக்கும் சுரங்கத்தின் வாய்க்கும் நடுவே
பத்தொன்பது கம்பங்கள்.
அக்டோபரில் துளையிட்டு நட்டோம், நானும் எய்லிஃபும்.
பனி மூடியபின்
எது சாலை, எது நார்வேயின் மிச்சம் என்று
அவைதாம் சொல்ல வேண்டும்.

பனி அள்ளும் வண்டியின் இருக்கையிலிருந்து பார்த்தால்
அது ஓர் எண்:

1111111111111111111

பதினோராயிரத்து நூற்றுப் பதினோரு கோடி கோடி என்று தொடங்கி
மூச்சு முட்டியதும் விட்டுவிடுவேன்.

பகா எண்.
தட்டிப் பார்க்கும் தகுதியே சிலருக்குத்தான்,
முப்பத்தெட்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறவர்களுக்கு:
நூற்றுத் தொண்ணூற்றொன்று,
இருநூற்று இருபத்தொன்பது,
நானூற்றுப் பத்தொன்பது…
தடுப்புக் கட்டையருகே வாகன வரிசைக்குக் காத்திருக்கும் இரவுகளில்
பணிக் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் வகுத்தேன்.
மூன்று குளிர்காலம்.
பத்தாயிரத்து முன்னூற்று முப்பத்தேழுவரை வந்திருக்கிறேன்.
போக வேண்டியது நூற்றைந்து கோடி.
மீதியை யாரோ எப்போதோ முடித்துவிட்டார்கள்
என்று நம்பித்தான் தூங்குகிறேன்.

"இரண்டை அடியாக வைத்துப் படித்தால்?" என்றான் எய்லிஃப்.
அப்போதும் பகா எண்தான்.
ஐந்து லட்சத்து இருபத்து நாலாயிரத்து இருநூற்று எண்பத்தேழு.
"மூன்றை?"
உடைந்துவிடும்.
ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு சரியாக வகுத்துவிடும்.
சிரித்தான்,
என் வீட்டு ரகசியம் ஒன்று கையில் கிடைத்ததுபோல.

பிப்ரவரி. குறுக்கே அடிக்கும் காற்று.
முகப்பு விளக்கு ஒரு வெள்ளைச் சுவரைத்தான் காட்டியது.
ஒளிரும் பட்டைகளை எண்ணியபடி ஊர்ந்தேன்.
எட்டு.
ஒன்பது.
பத்து.
பதினொன்று
கையை அசைத்தது.

லாட்வியாக்காரன். குந்திஸ் என்றான்.
மீன் லாரி பள்ளத்தில் சரிந்து கிடந்தது,
சரியும்போது கம்பத்தையும் முறித்திருந்தது.
"இங்கே ஒன்று இருந்தது. ஒடித்தது நான்.
பின்னால் வருகிறவருக்கு வழி தெரிய வேண்டுமே."
மஞ்சள் மேற்சட்டையோடு நாற்பது நிமிடம்
அதே இடத்தில் நின்றிருக்கிறான்.
இமையெல்லாம் பனி.

ஏறு என்றேன்.
ஏறினால் அங்கே பூஜ்ஜியம்.
விழுந்தது எந்தக் கம்பமானாலும் கணக்கு ஒன்றுதான்:
இலக்கங்களைக் கூட்டினால் பதினெட்டு,
ஒன்பது சாவியே இல்லாமல் உள்ளே நுழைந்துவிடும்.

அவனும் தயங்கினான்,
தான் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தபடி.
எட்டிக் கதவைத் திறந்தது நான்தான்.

காப்பி ஊற்றினேன். விரல்கள் மடங்கவில்லை,
இரு மணிக்கட்டுக்கும் நடுவே கோப்பையை இடுக்கிக் குடித்தான்.
குறிப்பேட்டின் முன்பக்கத்தில் எழுதினேன்:
கம்பம் 11 இல்லை. காலையில் நடவும்.

பன்னிரண்டு கண்ணில் படும்வரை
இருவருமே பேசவில்லை.