தற்காலிகமாக

ஜூலை மாதம் புந்தா அரேனாஸில் பொழுது விடியப்
பத்து மணியாகும்.
இப்போது இரண்டு பத்து.
மேட்டுத் தெருவில் குடிநீர்க் குழாய் வெடித்து
ஓடுகிற தண்ணீர் ஓடும்போதே உறைகிறதாம்.
ஒனோஃப்ரே போனில் கத்துகிறார்:
"யெர்கா, எந்த வால்வு?"

எந்த வால்வு என்பது
மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சர்வருக்குத்தான் தெரியும்.
திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது,
ஒரு பச்சை விளக்கு.
வாங்கி இருபத்தோரு வருஷம்.
ஒருநாளும் படுத்ததில்லை, அதனால்
ஒருவரும் அதை நினைத்ததுமில்லை.

என் மடிக்கணினிக்கு வயது ஒன்பது நாள்.
இதற்கு முன்னால் இருந்தது
கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் திறக்கும்.
அதைக் கழித்துவிடலாம் என்று
கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

பிங் அடித்தேன். உடனே பதில்,
ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு.
ஆள் வீட்டில்தான் இருக்கிறது,
கூப்பிட்டால் "ம்" என்கிறது.
வரைபடக் கோப்புறையைக் கேட்டால் மட்டும்
பாதை கிடைக்கவில்லை என்கிறது திரை.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
பெயரை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லி அழைத்தேன்.
கடவுச்சொல்லை
ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி அடித்தேன்.
அதன் நிர்வாகப் பக்கம் மட்டும் எப்படியோ திறந்தது:
கடிகாரம் பதினேழு நிமிடம் பின்னால்.
திருத்தினேன்.
அதற்கும் மசியவில்லை.
"பேக்கரி ஷட்டர் வரைக்கும் ஐஸ் வந்துவிட்டது,"
என்கிறார் ஒனோஃப்ரே.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது.
இரண்டிலும் பழுதில்லை.
பழையதற்குத் தெரிந்தது ஒரே ஒரு வணக்கம்,
எஸ்எம்பி ஒன்று.
அந்த வணக்கத்துக்குப் பதில் சொல்லாதே என்று
பிறக்கும்போதே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்
புதியதை.
சொன்னவர்கள் சொன்னது சரி.
அந்த வழியாகத் திருடர்கள் வந்திருக்கிறார்கள்,
நானே பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று
மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அமைப்புகளுக்குள் அமைப்பு, அதற்குள் ஒரு பட்டியல்,
பட்டியலின் அடியில் ஒரு காலிக் கட்டம்.
முதலில் ரவுட்டரிலிருந்து வெளியே போகும் கேபிளைக்
கழற்றி மேஜைமேல் வைத்தேன்.
ஆபத்துக்குப் பாவமில்லை.
கட்டத்தில் டிக் போட்டேன்.

மறுதொடக்கம் தேவை என்றது.
சரி என்றேன்.
அப்டேட் நடக்கிறது, 34 சதவீதம்,
கணினியை அணைக்க வேண்டாம்.

34.

34.

ஜன்னலுக்கு வெளியே நீரிணைப் பக்கத்திலிருந்து
காற்று தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தது.
போனில் ஒனோஃப்ரே கத்தவில்லை இப்போது,
மூச்சு மட்டும்.
35.

மூன்று மணிக்குக் கோப்புறை திறந்தது,
ஒன்றுமே நடக்காததுபோல.
எவரோ பென்சிலால் வரைந்து, எவரோ ஸ்கேன் செய்த தாள்:
விளக்குக் கம்பத்திலிருந்து ஒன்பது எட்டு, கிழக்கே.
"கிழக்கே ஒன்பது எட்டில்
எம்பனாடா விற்கும் பெட்டிக்கடை நிற்கிறது, யெர்கா."
"அப்படியானால் தள்ளுங்கள்."
நாலு பேர் தள்ளினார்கள்.
இரும்பு இரும்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.
அவர் எண்ணினார், நானும் கூடவே எண்ணினேன்,
முப்பத்தோராவது சுற்றில்
தெரு அமைதியானது.

பதிவேட்டில் எழுதினேன்:
எஸ்எம்பி ஒன்று இயக்கப்பட்டது. தற்காலிகமாக.

இது மே மாதம்.
புதிய சர்வருக்கான விண்ணப்பம்
மூன்றாவது மேஜையில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.
கட்டத்தில் டிக் அப்படியே.
கழற்றிய கேபிளை எப்போது திரும்பச் செருகினேன் என்று
யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.
அன்று விடிவதற்கு முன்னாலேயே
செருகியிருக்க வேண்டும்.
காலையில் எல்லோருக்கும் மெயில் வந்திருந்ததே.