பி பக்கத்தில் மிச்சம் ஏழு நிமிடம்

குடை குமாஸ்தாக்கள் என்பது
நாங்களாக வைத்துக்கொண்ட பெயர்.
அட்டையில் அம்ப்ரெல்லா கிளார்க்ஸ் என்று இருந்தது.
மூன்று பையன்கள், கீபோர்டில் ஒருத்தி.
நாலு பேரில் ஒருவருக்கும் தலை சீவத் தெரியவில்லை.
முதல் ஆல்பம்.
அதுவே கடைசி என்பது
அவர்களுக்கும் அப்போது தெரிந்திருக்காது.

ஜெபசீலியின் அண்ணன் கப்பலில் சமையல்.
லிவர்பூலில் கரையிறங்கிய ஒரு மழைநாளில்
பெட்டி விரிசல் விட்டிருந்ததால் பாதி விலைக்குக் கிடைத்ததாம்.
வாங்கி அனுப்பியவனுக்கு
எங்கள் இரண்டு வீட்டிலும்
சிடி போட மெஷின் கிடையாது என்பது மறந்துபோயிற்று.

ஆகவே உதுமான் ரெக்கார்டிங்.
டவுன்ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில்
அவர் நிமிர்ந்தால் தலை இடிக்கும் கடை.
"பாடுறவனுக்குச் சளியாம்மா?" என்றார்.
தொண்ணூறு நிமிடக் கேசட், எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து ரூபாய்.
ஏ பக்கம் ஞானப்பாட்டு, ஜெபசீலியின் அம்மாவுக்காக.
பி பக்கம் குமாஸ்தாக்கள்.
மேலே கிறிஸ்தவ கீதங்கள் என்று அவரே எழுதிக் கொடுத்தார்,
கேட்காமலே, சிரிக்காமலே.

ஆல்பம் முப்பத்தெட்டு நிமிடம்.
பக்கம் நாற்பத்தைந்து.
கடைப் பெயரைச் சொல்லிவைக்கிற மைக்கை
அவர் அணைக்க மறந்துபோனதில்
மிச்ச ஏழு நிமிடத்தில் தெரு ஏறிக்கொண்டது.
கொடைக்கானல் கொடைக்கானல், ரெண்டே சீட்டு.
ஒரு டம்ளர் கழுவப்படுகிறது.
நீயெல்லாம் மனுசனாடா என்று
யாரோ யாரையோ கேட்கிறார்கள்.
அப்புறம் மூக்கால் பேசுகிற ஒரு பெண்:
அண்ணே, முடிஞ்சிருச்சா?

என் குரல்தான்.
ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

மூன்றாவது பாட்டு எனக்கு.
இங்கிலீஷில் பாடிக்கொண்டே போகிறவன்
ஒவ்வொரு அடியின் முடிவிலும் தமிழுக்கு வந்துவிடுவான்:
சரிம்மா. சரிம்மா.
ஜெபசீலி சிரித்துப் புரளுவாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்த வருஷம் எங்கள் வீட்டில்
திருமங்கலத்து வரனைப் பற்றியே பேச்சு.
நான் பி.காம். இரண்டாம் வருஷம். வாயே திறக்கவில்லை.
உலகத்தின் அந்தப் பக்கம்
மழைக்குள் நிற்கிற ஒருவனே
இவ்வளவு அழகாகச் சரிம்மா என்கிறபோது
எனக்கு மட்டும் என்ன வந்தது என்று
ஒரு ராத்திரி
பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ச்
சொல்லிவிட்டேன்.

தல்லாகுளம் பத்திரப்பதிவு அலுவலகத்தில்
இப்போது நானும் குமாஸ்தா.
குடை மேஜைக்கடியில்.
போன மாதம் சர்வர் படுத்துக்கிடந்த ஒரு மத்தியானம்
செல்போனில் தேடினால் இருக்கிறார்கள்,
அதே நாலு பரட்டைத் தலை, பாட்டு வரிகளோடு.
மூன்றாவதில் நிறுத்தி வாசித்தேன்.

சாரி மாம்.
அங்கே வடக்கில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.
அவன் சம்மதம் சொல்லவில்லை.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறான்.
ஏழேகால் ரயில். டிக்கெட் ஏற்கெனவே சட்டைப்பையில்.

வில்லங்கச் சான்றிதழ் என்னாச்சு மேடம் என்று
கவுண்ட்டரில் ஒருவர் தட்டினார்.
சர்வர் இல்லை என்றேன்.
திருமங்கலத்துக்காரர் நல்லவர்.
அது வேறு விஷயம்.

பத்தாவது பாட்டும் முடிந்தது.
முடிந்ததும் காதில் ஒன்றுமே இல்லை,
துடைத்துவைத்த மாதிரி.
இயர்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்,
கொடைக்கானலுக்கு ஆள் கூப்பிடட்டும் என்று.
கேசட் பீரோவில் இருக்கிறது.
போட மெஷின் கிடையாது, இந்த வீட்டிலும்.
பரவாயில்லை, வரிசை மனப்பாடம்:
ரெண்டே சீட்டு, டம்ளர், மனுசனாடா, என் மூக்கு.
அப்புறம் உதுமான் அண்ணன் நிமிர்ந்து
தலையை இடித்துக்கொண்டு சொல்வார்,
பாட்டு முடிஞ்சிருச்சு,
டேப்பு இன்னும் ஓடுதும்மா.